பூங்காவுக்கு எதிரே ஒரு வீடு: வாங்கினால் எப்படி வாழலாம்?

வினா
எழுதியவர்: வாவிக்கரையாள், கல்லடி

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு நகரப் பகுதியில் பூங்காவுக்கு அருகே குடியிருப்பவர்களிடம் ஆலோசனை கேட்பதற்காக இதை எழுதுகிறேன். நாங்கள் இப்போது கல்லடியில் வாடகை வீட்டில் இருக்கிறோம். என் கணவர், நான், 11 வயது மகள், 6 வயது மகன், 72 வயதான என் அம்மா என்று ஐந்து பேர். சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்து ஒரு வீடு வாங்கும் நிலைக்கு இந்த வருடம்தான் வந்திருக்கிறோம். இரண்டு வீடுகளைப் பார்த்து வைத்திருக்கிறோம். விலையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

முதலாவது, நகரத்தின் உட்புறத்தில் ஒரு சிறுவர் பூங்காவைப் பார்த்தபடி இருக்கும் வீடு. காணி 12 பேர்ச்சஸ். மூன்று அறைகளும் நல்ல தண்ணீர்க் கிணறும் உள்ளன. வளவு என்று சொல்ல அதிகம் இல்லை. வீட்டுப் படலைக்கும் பூங்காவுக்கும் இடையில் ஒரு தெருதான். இரண்டாவது, ஆரையம்பதிப் பக்கம் ஓர் ஒழுங்கைக்குள்ளே 28 பேர்ச்சஸ் காணியில், தென்னையும் மாவும் நிற்கும் அமைதியான வீடு. எங்கள் ஊர் வழக்கப்படி வீடு நாளைக்கு மகளுக்குப் போகும். அப்போது நாங்கள் அதே வளவில் ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டு ஒதுங்கலாம் என்பதால், காணி பெரிதாக இருப்பதே நல்லது என்று கணவர் சொல்கிறார். அவர் சொல்வதில் பிழை இல்லை.

என் மனம் முதல் வீட்டில் நிற்பதற்குக் காரணம் அம்மாதான். 2004 டிசம்பர் 26 இல் நாவலடியில் இருந்த எங்கள் வீடு கடலோடு போனது. அன்றிலிருந்து அம்மா கடற்கரைக்குப் போனதே இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னர் குளியலறையில் விழுந்த பின்பு வீட்டு வாசலைத் தாண்டுவதையும் நிறுத்திவிட்டார். அந்த வீட்டைப் பார்க்கப் போன அன்று, நாங்கள் உள்ளே சமையலறையையும் கூரையையும் பார்த்துவிட்டு வெளியே வந்தால் அம்மாவைக் காணவில்லை. பதறிப்போய்த் தேடினோம். தெருவைத் தானாகவே கடந்து, பூங்காவில் வேப்பமரத்தடி வாங்கில் போய் இருந்தார். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் சோடியாக வைத்துவிட்டு, உதிர்ந்து கிடந்த வேப்பம்பூவின் மேல் இரண்டு பாதங்களையும் ஊன்றியபடி, ஊஞ்சலாடும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருடமாக நான் காணாத ஒரு முகத்தை அன்று கண்டேன்.

ஆனால் எனக்குப் பயங்களும் உண்டு. சத்தம், நுளம்பு, அறியாத ஆட்களின் நடமாட்டம், இரவில் இருட்டு ஆகியவை பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். எல்லாவற்றையும்விட ஒரு கேள்வி என்னை அரிக்கிறது. முதல் மாதம் ஆசையாகப் போய்வந்துவிட்டு, அதன் பின் வேலை, வகுப்பு, சமையல் என்று நாட்கள் ஓடும்போது அந்தப் பூங்கா யன்னலுக்கு வெளியே தெரியும் ஒரு படம்போல ஆகிவிடுமா? அப்படியென்றால் 16 பேர்ச்சஸ் காணியை அதற்காக இழப்பது சரியாகுமா? பூங்காவுக்கு அருகில் பல காலம் வாழ்ந்தவர்கள் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

பதில் 1
எழுதியவர்: நடைக்காரர், மட்டக்களப்பு நகரம்

அன்புள்ள மகளுக்கு, நான் ஓய்வுபெற்ற அரச ஊழியன். ஒரு சிறு பூங்காவுக்கு மூன்றாவது வீட்டில் 19 வருடங்களாகக் குடியிருக்கிறேன். உங்கள் கடைசிக் கேள்விக்கே முதலில் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மற்றவை எல்லாம் அதற்குள் அடக்கம்.

ஆம், பூங்கா வெறும் படமாகிவிடக்கூடும். எங்கள் தெருவில் அப்படி ஆன வீடுகள் பல இருக்கின்றன. அவர்களுக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்துப் பார்த்தால், அவர்கள் பூங்காவுக்குப் போவதை ஒரு பயணமாகவே வைத்திருந்தார்கள். நகரத்தின் காந்திப் பூங்காவுக்கு நாங்கள் பிள்ளைகளுக்கு நல்ல உடுப்பு உடுத்தி, ஞாயிற்றுக்கிழமை பின்நேரம் கூட்டிப் போவோம்; வாவிக் காற்று வாங்கி, கச்சான் வாங்கிக் கொறித்து, 1814 இல் வில்லியம் ஓல்ட் என்ற மெதடிஸ்த பாதிரியார் வந்திறங்கிய துறையைக் காட்டிக் கதை சொல்லி, இருட்டியதும் திரும்புவோம். அது கிழமைக்கு ஒரு தடவை போகும் இடம். வீட்டுக்கு எதிரில் இருக்கும் பூங்காவுக்கும் அதே ஆயத்தத்தோடு போக நினைத்தால், ஆயத்தத்துக்கு நேரமில்லை என்ற காரணத்தாலேயே ஒருநாளும் போகமாட்டீர்கள். வீட்டு உடுப்போடும் கையில் தேநீர்க் குவளையோடும் போய் இருந்துவிட்டு வருவதற்கு உரியது அந்த இடம்.

நாங்கள் குடிவந்த முதல் வருடம் நானும் போகவில்லை. சீனி வருத்தம் என்று வைத்தியர் சொன்ன பிறகுதான் நடக்கத் தொடங்கினேன். வளர்ந்தவர்கள் கிழமைக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான வேகத்திலாவது உடலை அசைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நாளுக்கு 30 நிமிடமாக ஐந்து நாள் நடந்தால் அந்தக் கணக்கு நிரம்பிவிடும். எங்கள் பூங்காவின் ஒரு சுற்று என் காலடிக்கு 240. பன்னிரண்டு சுற்றுப் போனால் அரை மணித்தியாலம். மருந்துக்காகத் தொடங்கிய அந்த நடை இன்றுவரை நிற்காததற்குக் காரணம் மருந்தல்ல. நான் போவது மாலை 5.15 மணிக்கு. அதே நேரத்துக்கு ஒரு தபாற்காரரும், பேரப்பிள்ளையைத் தள்ளுவண்டியில் கொண்டுவரும் ஓர் அம்மாவும், சைக்கிளைச் சாத்திவிட்டு ஒரு மரத்தடியில் பத்து நிமிடம் கண்மூடி இருக்கும் ஒரு மேசன் தொழிலாளியும் வருவார்கள். ஒருநாள் நான் போகாவிட்டால் மறுநாள் மூன்று பேர் காரணம் கேட்பார்கள். நேரத்தை மாற்றி மாற்றிப் போயிருந்தால் எனக்கு இந்த மனிதர்கள் கிடைத்திருக்க மாட்டார்கள். ஆகவே ஒரு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அது பதினைந்து நிமிடமாக இருந்தாலும் போதும்.

இனி வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். பூங்காவின் எந்தப் பக்கத்தில் வீடு இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. எங்கள் ஊருக்கு இது மிகவும் முக்கியம். கடல் கிழக்கே இருப்பதால் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும். வீடு பூங்காவுக்கு மேற்கே இருந்தால் அந்தக் காற்று மரங்களின் நிழலுக்கூடாக வந்து உங்கள் முன்விறாந்தையில் நுழையும். மேற்கு வெயிலும் வீட்டுக்குப் பின்னால் விழும், எனவே மூன்று மணிக்கே முன்பக்கம் குளிர்ந்துவிடும். வீடு கிழக்கே இருந்தால், மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் புல் இல்லாத விளையாட்டிடத்து மண் முழுவதும் உங்கள் கதவு யன்னல்களில் வந்து படியும். என் மனைவியின் தங்கை வீடு அந்தப் பக்கம்தான். ஆடி மாதத்தில் அவர் நாளுக்கு இரண்டு தடவை கூட்டுகிறார்.

சத்தத்தைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை. பிள்ளைகளின் சத்தம் நான்கு மணிக்குத் தொடங்கி விளக்கு வைக்கும் நேரத்தோடு முடிந்துவிடும். உண்மையான தொந்தரவு பூங்காவின் நுழைவாசலில்தான். மோட்டார் சைக்கிள்கள் நிறுத்துவதும், வியாபாரிகள் கூடுவதும், விழாக் காலங்களில் ஒலிபெருக்கி கட்டுவதும் அங்கேதான். உங்கள் படலை அந்த வாசலுக்கு நேரே இல்லாமல் இரண்டு மூன்று வீடு தள்ளி இருந்தால் நல்லது. இதை முற்பணம் கொடுப்பதற்கு முன்னர் காலை, மாலை, இரவு எட்டு மணி என்று மூன்று நேரமும் போய் நின்று பாருங்கள். பகல் பதினொரு மணிக்குத் தரகர் கூட்டிப் போய்க் காட்டும் பூங்கா வேறு. நீங்கள் வாழப்போகும் பூங்கா வேறு.

பதில் 2
எழுதியவர்: பூவரசு, மட்டக்களப்பு நகரம்

அக்கா, நான் இரண்டு பிள்ளைகளின் தாய். பூங்காவுக்குப் பின்பக்க ஒழுங்கையில் ஏழு வருடமாக இருக்கிறோம். நடைக்காரர் ஐயா சொன்னபடி குறித்த நேரத்துக்குப் போவதை நானும் ஏற்றுக்கொள்கிறேன். பிள்ளைகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் மகனுக்கு 6 வயது. அந்த வயதுப் பிள்ளைகள் நாளுக்குச் சராசரியாக ஒரு மணித்தியாலம் ஓடியாடி விளையாட வேண்டும் என்று சொல்லப்படுகிறது. அதோடு, பகல் வெளிச்சத்தில் வெளியே கழிக்கும் நேரம் கூடுதலாக உள்ள பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்புக் குறைகிறது என்பதும் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளில் உறுதியாகியிருக்கிறது. என் மூத்தவனுக்கு எட்டு வயதிலேயே கண்ணாடி போட்டபோது கண் வைத்தியர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, பிள்ளை வெயிலில் எவ்வளவு நேரம் நிற்கிறான் என்பதுதான். அப்போது நாங்கள் மாடி வீடொன்றில் வாடகைக்கு இருந்தோம். பாடசாலை விட்டால் வகுப்பு, வகுப்பு விட்டால் தொலைபேசி என்று அவன் நாள் போனது. இங்கே வந்த பிறகு சின்னவனுக்கு நாங்கள் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. சமையலறை யன்னலில் நின்றால் எனக்கு ஊஞ்சல் தெரியும். அந்த ஊஞ்சலின் இடப்பக்கச் சங்கிலி முன்னே போகும்போது ஒரு தடவையும் பின்னே வரும்போது ஒரு தடவையும் கீச்சிடும். அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை நான் தேங்காய் துருவுவேன். சத்தம் நின்றால் தலையை நிமிர்த்திப் பார்ப்பேன். வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையை வெளியே கொண்டுபோக வேண்டிய தேவை இல்லாமல் போனதுதான் எனக்குக் கிடைத்த பெரிய ஆறுதல்.

உங்கள் மகளைப் பற்றித்தான் நான் கவனமாக எழுத வேண்டும். அவளுக்கு 11 வயது. எங்கள் பகுதிகளில் பெண் பிள்ளை பெரியபிள்ளையாகும்வரை பூங்காவில் ஆடித் திரிகிறாள். அந்தச் சடங்கு முடிந்த கிழமையிலிருந்து அவளை அங்கே காண முடியாது. யாரும் வாய்விட்டுப் போகாதே என்று சொல்வதில்லை. ஆனால் ஊஞ்சல் சின்னப் பிள்ளைகளுக்கு, மைதானம் பொடியன்களுக்கு, வாங்குகள் ஆண்களுக்கு என்று ஆகிவிட்டால் பதின்மூன்று வயதுப் பெண் எங்கே நிற்பாள்? என் அக்காவின் மகள் அப்படித்தான் இரண்டு வருடம் விறாந்தையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் நாங்கள் ஆறு தாய்மார் சேர்ந்து ஒரு முடிவுக்கு வந்தோம். சனி, ஞாயிறு காலை ஆறரை மணிக்கு நாங்களும் பெண் பிள்ளைகளும் சேர்ந்து போவோம். ஒரு வலைப்பந்து வாங்கினோம். முதல் மாதம் பிள்ளைகள் வெட்கப்பட்டு எங்களைச் சுற்றியே நின்றார்கள். இப்போது நாங்கள் வாங்கில் இருந்து கதைக்க, அவர்கள் தாமாகவே பந்து பிடிக்கிறார்கள். பொடியன்கள் அந்த நேரத்தை மதித்து விட்டுத்தருகிறார்கள்.

உங்களிடம் இன்னொரு பலம் இருக்கிறது. அம்மம்மாவைக் கையில் பிடித்து நடத்திக் கூட்டிப்போகும் பொறுப்பை மகளிடமே கொடுங்கள். அம்மம்மாவோடு போகும் பெண் பிள்ளையை ஏன் போகிறாள் என்று எங்கள் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். இருவருக்கும் அது உதவும்.

பதில் 3
எழுதியவர்: களப்பணியாளர், சுகாதாரத் துறை

வாவிக்கரையாள் அவர்களுக்கு, நுளம்பைப் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. ஆனால் பூங்கா என்பதற்காக நுளம்பு வருவதில்லை. தண்ணீர் தேங்கும் பாத்திரம் இருப்பதால்தான் வருகிறது. டெங்கைப் பரப்பும் நுளம்பு ஆற்றிலோ வாவியிலோ அல்ல, சின்னச் சின்னப் பாத்திரங்களில் தேங்கும் தெளிந்த தண்ணீரிலேயே முட்டையிடுகிறது. முட்டை நுளம்பாக மாறுவதற்கு ஏழு முதல் பத்து நாட்கள் போதும். ஆகையால் கிழமைக்கு ஒரு தடவை கவிழ்த்து ஊற்றினாலே அதன் சுற்று அறுந்துவிடும்.

எங்கள் மாவட்டத்துக்கே உரிய ஒரு விடயத்தைச் சொல்ல வேண்டும். எருமைத் தயிர் வாங்கும் மண் சட்டிகள் எங்கள் பூங்காக்களின் வேலியோரங்களில் நிறையக் கிடக்கின்றன. சென்ற மார்கழியில் ஒரு பூங்காவைப் பரிசோதித்தபோது, அழகுக்காகப் பூச்செடி வைக்க யாரோ கொண்டுவந்து, செடி பட்டுப்போன பின்பு அப்படியே விட்டிருந்த ஒரு சட்டியைக் கண்டேன். மேலே மூன்று காய்ந்த இலைகள் மிதந்தன. இலையை விரலால் ஒதுக்கியதும், நிழல் பட்ட மாத்திரத்தில் முப்பது நாற்பது குடம்பிகள் துள்ளித் துள்ளி அடிக்குப் போயின. அதற்கு இரண்டு அடி தள்ளித்தான் சறுக்குமரத்தின் ஏணி இருந்தது. தண்ணீரை ஊற்றினால் மட்டும் போதாது என்பதையும் கவனியுங்கள். இந்த நுளம்பின் முட்டை பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு பல மாதங்கள் காய்ந்தபடியே உயிரோடு இருக்கும். அடுத்த மழைக்குத் தண்ணீர் பட்டதும் பொரிக்கும். சட்டியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும், அல்லது உடைத்துப் புதைத்துவிட வேண்டும். சிரட்டை, இளநீர்க் கோம்பை, விளையாட்டுக்காகக் கட்டித் தொங்கவிட்ட பழைய டயர் ஆகியவற்றையும் பாருங்கள். டயரின் அடியில் நான்கு துளை போட்டுவிட்டால் தண்ணீர் நிற்காது. இந்த நுளம்பு கடிப்பது பெரும்பாலும் காலை வேளையிலும் மாலை மங்குவதற்கு முந்திய நேரத்திலும் ஆகும். நீங்கள் பூங்காவுக்குப் போகும் நேரமும் அதுதான் என்பதால், மழை மாதங்களில் பிள்ளைகளுக்குக் கையும் காலும் மூடிய உடுப்பு அணிவியுங்கள்.

மழையைப் பற்றிப் பேசும்போது மற்றொன்றையும் கேட்டு வையுங்கள். எங்களுக்குப் பெருமழை நவம்பர் முதல் ஜனவரி வரை. பூங்காவுக்கு ஒதுக்கப்படும் நிலம் பல இடங்களில் பள்ளமான நிலமாகவே இருக்கும். சுற்றுவட்டாரத் தண்ணீர் அங்கே வந்து தங்கும். 2011 ஜனவரி வெள்ளத்தில் அந்தத் தெருவில் தண்ணீர் எந்த மட்டத்துக்கு வந்தது என்று அயல் வீட்டு மூத்தவர் ஒருவரிடம் கேளுங்கள். மதிலைத் தொட்டுக் காட்டுவார்கள். வீட்டு அத்திவாரம் அந்த மட்டத்துக்கு மேலே இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம்.

உங்கள் அம்மாவைப் பற்றி வாசித்தபோது ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. 1984 இல் றொஜர் உல்றிச் என்ற அமெரிக்க ஆய்வாளர், பித்தப்பைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட நோயாளர்களை ஒப்பிட்டுப் பார்த்தார். யன்னலூடாக மரங்களைக் காணக்கூடிய கட்டிலில் படுத்திருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தவர்களைவிட முன்னதாக வீடு திரும்பினார்கள். கடுமையான வலிநிவாரணி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது. அந்த வீட்டை வாங்கினால், பெரிய அறை யாருக்கு என்று பாராமல், பூங்காவைப் பார்க்கும் யன்னலுள்ள அறையை அம்மாவுக்குக் கொடுங்கள். கட்டிலின் தலைப்பக்கத்தை அல்ல, கால்பக்கத்தை யன்னலை நோக்கிப் போடுங்கள். படுத்தபடியே அவருக்கு வேம்பு தெரிய வேண்டும்.

பதில் 4
எழுதியவர்: காரைதீவான், அம்பாறை மாவட்டம்

நான் உங்கள் கணவரின் பக்கத்தையும் கொஞ்சம் பேச வேண்டும், தங்கச்சி. எனக்குக் காரைதீவில் 30 பேர்ச்சஸ் வளவு இருக்கிறது. மா, பலா, முருங்கை, எலுமிச்சை எல்லாம் நிற்கின்றன. தேங்காய் வாங்கியது கிடையாது. பெரிய வளவு ஒரு குடும்பத்துக்குத் தரும் நிம்மதி சிறியதல்ல. மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு அதே வளவில் ஒதுங்கியிருப்பது எங்கள் பெற்றோர் வாழ்ந்த வழி.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். அத்தனை பெரிய வளவில் என் இரண்டு பிள்ளைகளும் விளையாடியதில்லை. மரம் இருந்தது, நிழல் இருந்தது, மாமரத்தில் நானே ஊஞ்சலும் கட்டினேன். கூட விளையாட வேறு பிள்ளைகள் இல்லை. மதிலைக் கட்டியது நான்தான். பின்பு அவர்களைத் தினமும் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தேன், வேலை கூடிய நாட்களில் அதுவும் நின்றது. பிள்ளைகள் இப்போது வளர்ந்து வெளியூரில். வளவில் நானும் மனைவியும் இலை கூட்டுகிறோம்.

முதல் வீட்டையே வாங்குவதென்றால், அந்தப் பூங்கா நில அளவைப் படத்தில் பொது வெளியாகக் குறிக்கப்பட்டுள்ளதா, அல்லது யாரோ ஒருவரின் வெறுங்காணியில் தற்காலிகமாக ஊஞ்சல் நட்டிருக்கிறார்களா என்பதை உள்ளூராட்சி சபையில் எழுத்தில் கேட்டு அறியுங்கள். உறவினர் ஒருவர் திறந்த வெளியைப் பார்த்து ஆசைப்பட்டு வீடு வாங்கினார். நான்கு வருடத்தில் எதிரே மூன்று மாடிக் களஞ்சியம் எழும்பியது.

வினா எழுதியவரின் மறுமொழி
எழுதியவர்: வாவிக்கரையாள், கல்லடி

ஐயாவுக்கும், அண்ணாவுக்கும், பூவரசு தங்கச்சிக்கும், களப்பணியாளர் அவர்களுக்கும் என் மனமார்ந்த நன்றி. இரண்டு கிழமையாக உங்கள் பதில்களை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அந்தத் தெருவில் திரிந்தோம். வீடு பூங்காவுக்கு மேற்கே இருக்கிறது. நுழைவாசல் எங்கள் படலைக்கு நேரே இல்லை, நான்கு வீடு தள்ளி வடக்கே. பூங்கா சபையின் காணி என்பது படத்தில் தெளிவாக உள்ளது. அயல் வீட்டுப் பெரியவர் 2011 வெள்ளத்துக்குத் தன் மதிலில் முழங்கால் உயரத்தைத் தொட்டுக் காட்டினார்; அந்த வீட்டு அத்திவாரம் அதைவிட ஒரு சாண் உயரம். அது போதுமா என்று மேசன் ஒருவரைக் கூட்டிப்போய்க் கேட்டதில், முன்வாசலில் ஒரு படியைக் கூட்டி, கிணற்றுக் கட்டையும் உயர்த்தச் சொன்னார்.

இரவு எட்டு மணிக்குப் போனபோதுதான் ஒரு குறை தெரிந்தது. பூங்காவின் இரண்டு மின்குமிழ்களில் ஒன்று எரியவில்லை. வேப்பமரத்துப் பக்கம் முழுவதும் இருட்டு. பல மாதமாகச் சொல்லியும் பொறுப்பானவர்கள் கவனிக்கவில்லை என்று அயலவர்கள் கவலைப்பட்டார்கள். நானும் அவர்களும் சேர்ந்து ஒரு கடிதம் எழுதி, பதினேழு வீட்டாரின் கையொப்பத்தோடு கொடுத்திருக்கிறோம். இன்னும் குடிவராத ஆளிடம் முதலாவது கையொப்பத்தை வாங்கினார்கள்.

கணவர் அங்கே மூன்று மாலை நடந்தார். மூன்றாவது மாலை, பெரிய வளவைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. மேல்மாடி எழுப்ப இந்த அத்திவாரம் தாங்குமா என்று மட்டும் மேசனிடம் கேட்டார். நாளைக்கு மகளுக்குக் கீழ்த்தளத்தைக் கொடுத்துவிட்டு நாங்கள் மேலே போகலாம் என்பது அவருடைய எண்ணம். அம்மாவிடம் நாங்கள் முடிவைச் சொல்லவில்லை. ஆனால் படலையிலிருந்து அந்த வாங்குவரை 64 காலடி என்று அவர் எண்ணி வைத்திருக்கிறார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நொத்தாரிசிடம் போகிறோம். கடைசியாக ஒரு கேள்வி. வீட்டுக்கும் தெருவுக்கும் இடையில் பத்து அடி அகல நிலம் இருக்கிறது. அங்கே ஒரு நிழல்மரம் நடலாமா?

பதில் 5
எழுதியவர்: நடைக்காரர், மட்டக்களப்பு நகரம்

பத்து அடியில் நிழல்மரம் வேண்டாம், மகள். வேரெடுத்தால் மதிலும் அத்திவாரமும் வெடிக்கும், வாடைக்காற்றில் கொப்பு முறிந்து கூரையில் விழும். 1978 சூறாவளியைக் கண்ட எங்கள் தலைமுறைக்கு வீட்டோடு ஒட்டி நிற்கும் பெருமரம் என்றால் இன்றும் நெஞ்சு திடுக்கிடும். அந்தப் பத்து அடியில் நந்தியாவட்டை, செவ்வரத்தை, ஒரு கறிவேப்பிலை போதும். நிழல்மரத்தைப் பூங்காவுக்குள்ளே, சபையிடம் கேட்டு, விளையாட்டிடத்தின் மேற்கு ஓரத்தில் நடுங்கள். மூன்று மணி வெயிலில் சறுக்குமரம் சுட்டுப் பிள்ளைகள் தொடையைத் தேய்த்துக்கொண்டு இறங்குவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். புங்கையோ வேம்போ நல்லது. ஐப்பசியில் முதல் மழை விழுந்ததும் நட்டால் தைக்குள் வேர் பிடித்துவிடும். அதன் பின்பு கச்சான் காற்று முடியும்வரை இரண்டு நாளுக்கு ஒரு வாளி தண்ணீர் வேண்டும், ஆடு கடிக்காமல் கூடும் கட்ட வேண்டும். கூடு கட்டத் தேவையான கமுகஞ்சலாகை என்னிடம் இருக்கிறது; குடிவந்ததும் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.